நாற்பது வயதில் சாக இருந்த சீமான்

வைத்தியர்கள் கைவிரித்து விட்டார்கள். இன்னும் சில மாதங்கள்தான் என்று கெடுவும் வைத்து விட்டார்கள்.

நோயாளி ஒரு பெரிய சீமான். பெயர் லூயிஜி கொர்னாரோ. ஊர், இத்தாலி தேசத்தில் உள்ள பதுவை நகரம். புனித அந்தோணியாரின் பெயரோடு சேர்த்து நம் மக்கள் சொல்கிறார்களே, அதே பதுவைதான். இது நடந்து சுமார் 500 ஆண்டுகள் ஆகின்றன.

அவருக்கு அப்போது நாற்பது வயதுதான் ஆகிக்கொண்டு இருந்தது. மாளிகை இருந்தது. நிலம் இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேலைக்காரர்கள் இருந்தார்கள். எல்லாம் இருந்தும் என்ன? ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக உள்ளே போகவில்லை.

அந்த மனிதர் சாகவில்லை. மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பதினோரு பேரன் பேத்திகளைக் கண்டார். தள்ளாத வயது என்று மற்றவர்கள் சொல்லும் வயதில் குதிரை ஏறினார். மலை ஏறினார். பாட்டுப் பாடினார். சிரிக்கச் சிரிக்க ஒரு நாடகமும் எழுதினார்!

அவர் எப்படிப் பிழைத்தார்? அந்தக் கதையை அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மாமன் விட்டுப்போன சொத்து

கொர்னாரோ பிறந்தது வெனிஸ் நகரத்தில். வெனிஸ் அப்போது தனி அரசாக இருந்தது. அங்கே கொர்னாரோ என்பது பிரபுக்களின் குடும்பப் பெயர். தாமும் அந்தக் குலத்தில் வந்தவரே என்று இவர் சொல்லிப் பார்த்தார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பிரபு என்ற பட்டமும், அதனால் வரும் பதவிகளும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை அவர் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது.

பட்டம் வரவில்லையே தவிர, பணம் வந்தது. பதுவையில் அவருடைய தாய்மாமன் ஒரு பாதிரியார். அவர் இறந்ததும் அவருடைய சொத்து இவர் கைக்கு வந்து சேர்ந்தது.

இளம் வயது. கை நிறையப் பணம். கேட்கவா வேண்டும்? விருந்துக்கு மேல் விருந்து நடந்தது. இரவு வெகு நேரம் வரை தீனியும் குடியுமாகக் கழிந்தது. அக்காலத்து இத்தாலியில் நிறைய உண்பதுதான் பெரிய மனிதருக்கு அடையாளம். அளவோடு சாப்பிடுகிறவனைக் கஞ்சன் என்று ஏளனம் செய்தார்கள். இதைப் பிற்காலத்தில் கொர்னாரோவே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

முப்பத்தைந்து வயதில் உடம்பு கணக்குக் கேட்க ஆரம்பித்தது. வயிற்று வலி வந்தது. விலாவில் குத்தல் வந்தது. கால் மூட்டுகளில் வாதம் தலைகாட்டியது. எந்நேரமும் உள்காய்ச்சல். எவ்வளவு குடித்தாலும் தீராத தாகம்.

பணக்காரர் அல்லவா! வைத்தியர்கள் வரிசையாக வந்தார்கள். மருந்துகளும் வரிசையாக வந்தன. ஒன்றும் பலிக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் இப்படியே போயின.

கடைசியில் வைத்தியர்கள் ஒன்று சொன்னார்கள். இனி மருந்து இல்லை. சாப்பாட்டையும் வாழ்க்கையையும் ஒழுங்குக்குக் கொண்டு வந்தால் உயிர் தங்கும். அதையும் உடனே செய்ய வேண்டும். சில மாதம் தள்ளிப் போட்டால் அதுவும் உதவாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே வைத்தியர்கள் முன்பே பத்தியம் சொல்லித்தான் இருந்தார்கள். கொர்னாரோ தலையை ஆட்டுவார். அவர்கள் அந்தண்டை போனதும் பிடித்ததை எல்லாம் தின்பார். மறுநாள் கேட்டால் பத்தியம் காத்ததாகச் சாதிப்பார். எல்லா நோயாளிகளும் செய்வதைத்தான் தாமும் செய்ததாக அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நோயாளி நோயாளிதான் போலும்!

இந்தத் தடவை அவர் ஏமாற்றவில்லை. சாவு வாசலில் வந்து நின்றுவிட்டது. வயதோ நாற்பது. உயிர் என்பது எத்தனை அருமையான பொருள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடவுள் கொடுத்ததைத் தாமே வீதியில் கொட்டிவிட்டோமே என்று மனம் நொந்தார்.

அன்றே பத்தியத்தைத் தொடங்கினார். சில நாட்களிலேயே குணம் தெரிந்தது. ஓர் ஆண்டு முடிவதற்குள் எல்லா நோயும் போய்விட்டது.

நாக்கு சொன்னது பொய்

நோய் போனதும் பழையபடி விருந்துக்குத் திரும்புவதுதான் உலக வழக்கம். கொர்னாரோ திரும்பவில்லை. கைக்குத் திரும்ப வந்த பொருளை மறுபடியும் தொலைக்க அவருக்கு மனம் இல்லை.

அவர் தம் உடம்பையே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். நாக்குக்குப் பிடித்தது எல்லாம் உடம்புக்கும் நல்லது என்று அந்த ஊரில் பலர் சொல்லி வந்தார்கள். அது நிஜமா? ஒவ்வொன்றாக உண்டு பார்த்தார். குளிர்ந்த முரட்டு மது, முலாம்பழம், பச்சைக் கீரை, பன்றி இறைச்சி, மாவுப் பணியாரங்கள். இவை எல்லாம் அவர் நாக்குக்கு அமிர்தமாக இருந்தன. வயிற்றுக்கோ ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. நாக்கின் பேச்சை நம்பக் கூடாது என்று கண்டுகொண்டார்.

அவருக்கு ஒத்துக்கொண்டவை இவைதாம்: ரொட்டி, முட்டையின் மஞ்சள் கரு, ரொட்டியைப் போட்டுக் காய்ச்சிய கஞ்சி, ஆடு, கன்று, கோழி, கௌதாரி ஆகியவற்றின் இறைச்சி, சிலவகை மீன்.

அளவையும் நிறுத்தே வைத்தார். ஒரு நாள் முழுவதற்கும் 12 அவுன்ஸ் உணவு. இன்றைய கணக்கில் சுமார் 340 கிராம். அக்காலத்து அவுன்ஸ் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். திராட்சை மது 14 அவுன்ஸ். அந்த நாட்டில் சாப்பாட்டோடு மது அருந்துவது அன்றாட வழக்கம். இன்றைய வைத்தியர்கள் அந்த அளவு மதுவுக்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

வயிற்றில் கொஞ்சம் இடம் இருக்கும்போதே எழுந்து விடுவார். கடும் வெயில், கடும் குளிர், அளவு மீறிய அலைச்சல், தூக்கம் கெடுதல், காற்றோட்டம் இல்லாத இடம் இவற்றை விலக்கினார். மனக்கவலை, பகை, பொறாமை இவற்றையும் கூடியவரை விலக்கியதாகச் சொல்கிறார். ஆனால் சாப்பாட்டு அளவுதான் முக்கியம், அது சரியாக இருந்தால் மற்றவற்றில் சிறிது தவறினாலும் உடம்பு தாங்கும் என்பது அவருடைய முடிவு.

மீண்ட உயிரை வைத்து என்ன செய்தார்?

சாப்பாட்டை நிறுத்துப் போட்டுக்கொண்டு, நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளியவர் என்று இவரை நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்திருந்தால் இவர் கதையைச் சொல்லியே இருக்க வேண்டாம்.

பதுவையில் தம் வீட்டு முற்றத்தில் அழகான ஒரு மண்டபம் கட்டினார். பால்கொனெட்டோ என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1524-ம் ஆண்டு அதை எழுப்பினார். அந்த மண்டபம்தான் நாடக மேடை. ரூசாந்தே என்ற புகழ்பெற்ற நாடக ஆசிரியர் கொர்னாரோவின் ஆதரவில் இருந்தவர். குடியானவர்களின் பேச்சிலேயே நாடகம் எழுதி, தாமே நடித்தவர். அவருடைய நாடகங்கள் அங்கே நடந்தன. மண்டபம் இன்றும் பதுவையில் நிற்கிறது.

ரூசாந்தே 1542-ம் ஆண்டு, ஐம்பது வயதை எட்டும் முன்பே இறந்து போனார். பால்கொனெட்டோ அவருக்கு முன்பே போய்விட்டார். நண்பர்கள் ஒவ்வொருவராக விடைபெற்ற பிறகும் கொர்னாரோ இருந்தார்.

அவருடைய பெரிய வேலை நிலத்தில் நடந்தது. பிரெண்டா ஆற்றுப் பக்கத்தில் அவருக்கு ஒரு கிராமம் உண்டு. அங்கே முன்பு எங்கு பார்த்தாலும் சேறும் தேங்கிய தண்ணீரும். காற்றே நஞ்சு. பாம்பு வாழலாம், மனிதர் வாழ முடியாது என்ற நிலை. கொர்னாரோ கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார். சேறு வயலானது. குடிகள் வந்தார்கள். வீடுகள் எழுந்தன. கோயில் எழுந்தது. கடவுளுக்குத் தாம் ஒரு பீடமும், கோயிலும், அங்கே வந்து வணங்க மனிதர்களையும் கொடுத்ததாக அவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். உயிரைத் திருப்பிக் கொடுத்தவருக்கு அவர் செலுத்திய காணிக்கை அது.

எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. வெனிஸைச் சுற்றியுள்ள உப்பங்கழியிலும் கரை கட்டி நிலமாக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அரசின் நீரியல் நிபுணரான சப்பதீனோ அதைக் கடுமையாக எதிர்த்தார். கழியை அடைத்தால் வெனிஸே கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. நிலம் சேர்க்கும் ஆசையில் கொர்னாரோ கொஞ்சம் அதிக தூரம் போனார் என்றே தோன்றுகிறது. சாப்பாட்டில் இருந்த அளவு நில ஆசையில் இல்லை!

வழக்கும் வண்டியும்

செல்வாக்கு உள்ள சிலர் ஒரு சமயம் அவர்மேல் பெரிய வழக்குப் போட்டார்கள். குடும்பமே கலங்கிவிட்டது. அவருடைய சகோதரரும் உறவினர் சிலரும் அந்தக் கவலையிலேயே படுத்து, வழக்கு முடிவதற்குள் இறந்து போனார்கள். கவலை கொர்னாரோவுக்கும் இருந்தது. ஆனால் அவர் உடம்பை அது அசைக்கவில்லை. கடைசியில் வழக்கில் அவர் பக்கமே வென்றது.

இன்னொரு சமயம். அவர் கணக்குப்படி அப்போது அவருக்கு வயது எழுபது. கோச்சு வண்டியில் போய்க்கொண்டு இருந்தார். குதிரைகள் வேகமாக ஓடின. வண்டி குடை சாய்ந்தது. குதிரைகள் நிற்கவில்லை. கவிழ்ந்த வண்டியையும் உள்ளே இருந்த கிழவரையும் வெகு தூரம் இழுத்துக்கொண்டு போயின.

தலையில் காயம். உடம்பெல்லாம் காயம். ஒரு கையும் ஒரு காலும் மூட்டு விலகிவிட்டன. வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். மூன்று நாள் தாங்க மாட்டார் என்றார்கள். ரத்தம் வடிக்க வேண்டும், பேதிக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அக்கால மேல்நாட்டு வைத்தியத்தில் எதற்கும் இந்த இரண்டும் உண்டு.

கொர்னாரோ இரண்டையும் மறுத்துவிட்டார். கையையும் காலையும் மட்டும் சரியாக இழுத்து வைத்துக் கட்டச் சொன்னார். எண்ணெய் தடவச் சொன்னார். படுத்துக்கொண்டார். மூன்று நாள் கழிந்தது. முப்பது நாளும் கழிந்தது. மனிதர் எழுந்து நடந்தார். வைத்தியர்களுக்கு ஒரே ஆச்சரியம்!

இரண்டு அவுன்ஸ் அன்பு

வழக்கும் வண்டியும் செய்ய முடியாததை வீட்டாரின் அன்பு செய்யப் பார்த்தது.

வயதாகி விட்டது, கொஞ்சம் கூடச் சாப்பிட்டால்தானே தெம்பு வரும்? எந்த வீட்டிலும் சொல்வதுதான். கொர்னாரோ வீட்டிலும் சொன்னார்கள். உறவினர் சொன்னார்கள். நண்பர் சொன்னார்கள். வைத்தியர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

அவர் மறுத்தார். இத்தனை ஆண்டுகளாக இந்த அளவு போதுமாக இருந்தது. வயது ஏற ஏற வயிற்றின் சக்தி குறையும். குறைய வேண்டிய நேரத்தில் கூட்டுவது எப்படிச் சரி? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் கண்ணில் நீரோடு வற்புறுத்துகிறவர்களிடம் நியாயம் பேசி யார் வென்றது? அவர்கள் மனம் நோகக் கூடாது என்று கடைசியில் இணங்கினார்.

உணவில் இரண்டு அவுன்ஸ் கூடியது. மதுவிலும் இரண்டு அவுன்ஸ் கூடியது. அவ்வளவுதான். ஒரு கைப்பிடி கூட இராது.

பத்து நாள் ஆயிற்று. எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர் சிடுசிடுக்க ஆரம்பித்தார். எதைக் கண்டாலும் எரிச்சல். என்ன சொல்வது, என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் விலாவில் வலி கண்டது. 22 மணி நேரம் விடாமல் வலித்தது. அது நின்றதும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 35 நாள்! கால் மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூக்கம் இல்லை. காலமோ கடுங்குளிர் காலம். உடம்போ எலும்பும் தோலும். இந்த முறை கிழவர் பிழைக்க மாட்டார் என்று வீடே அழுதது.

தின்னச் சொல்லி வற்புறுத்தியவர்களின் மனம் அப்போது என்ன பாடுபட்டிருக்கும்! அவர்கள் செய்தது அன்பினால்தானே. கொர்னாரோ ஒருவரையும் குறை கூறவில்லை. பழைய அளவுக்கே திரும்பினார். மெல்ல மெல்லத் தேறினார். அதன்பின் அந்த வீட்டில் அவர் தட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை.

பாட்டுப் பாடிய தாத்தா

அவருக்கும் மனைவி வெரோனிகாவுக்கும் நெடுநாள் குழந்தை இல்லை. இனி இல்லை என்று இருந்தபோது ஒரு பெண் பிறந்தாள். கியாரா என்று பெயர் வைத்தார்கள். ஒரே மகள். அவளுக்குப் பதினோரு குழந்தைகள் பிறந்தன! மூத்தவனுக்குப் பதினெட்டு வயது, கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது என்று தாத்தா பெருமையாக எழுதுகிறார்.

வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அந்தப் பட்டாளம் எதிரே நிற்கும். பெரிய பிள்ளைகள் வாத்தியம் வாசிப்பார்கள், பாடுவார்கள். தாத்தாவும் சேர்ந்து பாடுவார். இளமையில் இருந்ததைவிடத் தம் குரல் இப்போது கணீரென்று இருப்பதாக அவருக்கு எண்ணம். நாற்பதிலேயே செத்திருந்தால் இந்தப் பதினோரு முகங்களில் ஒன்றையாவது பார்த்திருப்போமா என்று நினைத்துப் பூரித்தார்.

வசந்த காலத்தில் பதுவைக்குப் பக்கத்து மலையில் உள்ள வீட்டில் போய் இருப்பார். பிற ஊர்களுக்குப் போய்ப் பழைய நண்பர்களைப் பார்ப்பார். புதுக் கட்டடம், புது ஓவியம் என்றால் அங்கே நிற்பார். முதுமையை எல்லோரும் சபிக்கிறார்களே, எனக்கு இதுவே வாழ்க்கையின் மிக நல்ல பகுதியாக இருக்கிறதே என்பதுதான் அவருடைய ஆச்சரியம்.

இதை ஊரார்க்குச் சொல்ல வேண்டும் என்று பேனாவை எடுத்தார். 1558-ம் ஆண்டு பதுவையில் அவருடைய முதல் கட்டுரை அச்சாயிற்று. அளவான வாழ்க்கையைப் பற்றியது. பிறகு மேலும் மூன்று எழுதினார். நான்கும் சேர்ந்தாலும் சிறு புத்தகம்தான். அது ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆங்கிலத்தில் முதலில் மொழிபெயர்த்தவர்களில் ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற பெரிய கவிஞரும் ஒருவர். அவர் இறந்த மறு ஆண்டு, 1634-ல், அது வெளிவந்தது.

வயதில் ஒரு சிக்கல்

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கொர்னாரோ தம் வயதைச் சொல்வதில் கொஞ்சம் தாராளம் காட்டினார். தொண்ணூறு தாண்டிவிட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். அதை நம்பி அவர் நூறு வயது வாழ்ந்தார் என்றே பலர் எழுதிவிட்டார்கள். அவர் 1484-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பலருடைய முடிவு. அப்படியானால் வாழ்ந்தது 82 ஆண்டுகள். வண்டி கவிழ்ந்தபோது வயது எழுபது என்பதும் குறையும்.

இளையவர் என்று காட்டிக்கொள்ள வயதைக் குறைப்பவர்கள் உண்டு. கிழவர் என்று காட்டிக்கொள்ள வயதைக் கூட்டியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்! 82 என்றாலும் குறைவா? நாற்பதில் கைவிடப்பட்டவர் அல்லவா?

இன்னொரு தடையை ஜெர்மனியின் தத்துவ அறிஞர் நீட்சே 1888-ல் எழுதிய நூலில் கிளப்பினார். குறைவாக உண்டதால் கொர்னாரோ நெடுநாள் வாழவில்லை. அவர் உடம்பின் அமைப்பே குறைவான உணவைத்தான் கேட்டது. அதிகம் தின்றால் அவருக்கு நோய் வந்தது, அவ்வளவுதான் என்றார். இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. இரண்டு அவுன்ஸ் கூடியதற்கே 35 நாள் காய்ச்சல் வந்தது என்றால், அது எல்லோருக்கும் வரும் காய்ச்சல் அல்ல.

1935-ம் ஆண்டு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்கே என்ற விஞ்ஞானி எலிகளை வைத்துச் சோதனை செய்தார். சத்துக் குறையாமல் அளவை மட்டும் குறைத்துக் கொடுத்த எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. மனிதருக்கும் அப்படித்தானா என்பது இன்னும் தீரவில்லை. கொர்னாரோவின் 12 அவுன்ஸ் அவருக்கு உரியது. வளரும் பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், நோயாளிகளும் அந்தத் தராசைக் கையில் எடுக்கக் கூடாது. கிழ வயதில் உணவை அதிகமாகக் குறைத்தால் தசை வற்றிப்போகும் என்பதும் இன்று தெரிந்த செய்தி. கொர்னாரோவே தம் அளவை மற்றவர்மேல் சுமத்தவில்லை. அவரவர் உடம்புக்கு அவரவரே நல்ல வைத்தியர் என்பதுதான் அவர் கட்சி.

கடைசிக் காலத்தில் அவருடைய சாப்பாடு இன்னும் சுருங்கியது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவே ஒரு வேளைக்குப் போதும் என்று ஆகிவிட்டது. சாவை நினைத்து அவர் அஞ்சவில்லை. எண்ணெய் தீர்ந்த விளக்கு அணைவதைப் போலத் தம் முடிவு வரும் என்று எதிர்பார்த்து இருந்தார்.

1566-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி, பதுவையில் அவர் காலமானார். நாற்காலியில் சாய்ந்தபடி, தூங்கப் போகிறவரைப் போலக் கண்ணை மூடினார் என்று அவர் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள்.